முதலாம் ஆண்டு மாணவன் பெயரில் ஒரு விளையாட்டு

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், வில்லாபுரம்)

ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். வழக்கமாக எழுதுகிற தலைவர்களைப் பற்றி எழுத நம் கல்லூரியிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் நம்ம தமிழ்நாட்டு மலை ஒன்றில் இருந்துகொண்டு, உலகம் முழுக்க இன்றைக்கும் ஆடுகிற ஓர் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, வெள்ளைக்காரர். பட்டாளத்து ஆபீஸர். பெயர் சர் நெவில் சேம்பர்லின்.

பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்கள் ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்ட இங்கிலாந்துப் பிரதமர் என்று நினைப்பார்கள். அவர் வேறு, இவர் வேறு. பிரதமர் பிறந்தது 1869ல். நம்முடையவர் அவருக்கு 13 வருடம் மூத்தவர். 1856 ஜனவரி 13ஆம் தேதி பிறந்தவர். போதாக்குறைக்கு இவருடைய பெரியப்பா பெயரும் நெவில் சேம்பர்லின்தான்! அவர் 1876லிருந்து 1881 வரை மெட்ராஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். அப்பாவும் இந்தியாவில் இருந்த பட்டாள அதிகாரி. ஆக, பையன் என்ன ஆவான் என்று பிறக்கும்போதே முடிவாகிவிட்ட குடும்பம் அது. நம் வீடுகளில் பையன் என்ன ஆவான் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிகிறது.

சேம்பர்லின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு 1873ல் டெவன்ஷயர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1875ல் அவருடைய பட்டாளம் மத்திய இந்தியாவில் ஜபல்பூரில் முகாம் போட்டிருந்தது. அப்போது அவருக்கு 19 வயது. என்னைவிட ஒரே ஒரு வயது கூட. வெளியே மழைக்காலம். ஜபல்பூர் பக்கம் மழை பிடித்தால் சீக்கிரம் விடாது. குதிரை ஓட்ட முடியாது, போலோ ஆட முடியாது, வேட்டைக்குப் போக முடியாது. ஆபீஸர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை கிடந்தது. மதியத்திலிருந்து இரவு வரைக்கும் அதைச் சுற்றியே எல்லோரும் நின்றார்கள். மழை பெய்தால் எங்கள் தெருப் பையன்கள் வராண்டாவில் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்காருவது மாதிரிதான் இதுவும்.

அந்த மேஜையில் அவர்கள் ஆடியது ஒரே ஆட்டம் அல்ல. பிரமிட் என்று ஒன்று இருந்தது. 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி வைத்து ஆடுவது. லைஃப் பூல் என்று இன்னொன்று. அதில் ஆளுக்கொரு கலர் பந்து. எதிராளியின் பந்தைக் குழியில் போட்டால் அவனுக்கு ஓர் உயிர் போகும். ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர். எல்லோரும் ஆரம்பத்தில் கொஞ்சம் காசு போட்டு வைப்பார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவன் அதை அள்ளிக்கொண்டு போவான். அப்படிப் பொதுவில் சேர்த்து வைக்கிற பந்தயக் காசுக்குத்தான் இங்கிலீஷில் பூல் என்று பெயர். இன்றைக்கு நம்ம மதுரைப் பையன்கள் காலேஜ் விட்டதும் ஆடப் போகிற பூல் விளையாட்டுக்கும் பெயர் வந்தது அந்த வழியில்தான். நீச்சல் குளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! கறுப்புப் பந்து ஒன்றைச் சேர்த்து ஆடும் பிளாக் பூல் என்பதும் இருந்தது.

சேம்பர்லின் செய்தது என்னவென்றால், பிரமிடின் 15 சிவப்பையும் பிளாக் பூலின் கறுப்பையும் ஒரே மேஜையில் வைத்து, இன்னும் சில கலர் பந்துகளையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாமே என்றார். மஞ்சள், பச்சை, பிங்க் இவை முதலில் வந்தன. நீலமும் பிரவுனும் பின்னால் வந்து சேர்ந்தன. புதிதாக எதையும் செய்து கொண்டுவரவில்லை. அங்கே பெட்டியில் இருந்த பந்துகள்தான். இரண்டு பழைய ஆட்டத்தைச் சேர்த்து வெல்டிங் வைத்த மாதிரி ஒரு புது ஆட்டம். நான் இதைச் சாதாரணமாக நினைக்கவில்லை. ஒர்க் ஷாப்பில் கிடக்கிற ஸ்கிராப்பை வைத்து வேலையை முடிக்கிறவன்தான் கைகாரன் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இனி அந்தப் பெயர் வந்த கதை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

உல்விச் என்ற ஊரில் பீரங்கிப் படைக்கு ஆபீஸர்களைத் தயார் செய்கிற ஒரு கல்லூரி இருந்தது. அங்கே முதலாம் ஆண்டு மாணவனை சீனியர்கள் ஸ்நூக்கர் என்று கூப்பிடுவார்கள். அதாவது ஒன்றும் தெரியாத புதுப்பையன், எடுபிடி. நம்ம ஊர் பாலிடெக்னிக்குகளில் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுத முடியாது, எல்லோருக்கும் தெரியும். ஜபல்பூர் மெஸ்ஸுக்கு ஒரு நாள் விருந்தாளியாக வந்த இளம் பீரங்கிப் படை அதிகாரி பேச்சுவாக்கில் இந்த வார்த்தையைச் சொன்னார். சேம்பர்லினுக்கு அது புதுசு. அடுத்து ஆடிக்கொண்டிருந்த ஒருவர், குழிக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு கலர் பந்தைப் போட முடியாமல் தவறவிட்டார். சேம்பர்லின் உடனே அவரைப் பார்த்து, நீ ஒரு அசல் ஸ்நூக்கர் என்று கிண்டல் அடித்துவிட்டார். அவருக்கு முகம் சுண்டிப்போனது. வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று எல்லோருக்கும் விளக்க வேண்டியதாகிவிட்டது. மனஸ்தாபம் வேண்டாமே என்று சேம்பர்லின், கோபப்படாதே, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்நூக்கர்தான் என்று சமாளித்தார். அன்றைக்கே ஆட்டத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்கிறது. ஃபர்ஸ்ட் இயர் பையனைத் திட்டுகிற வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்ட விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் பிறகு சேம்பர்லின் மழைக்காலத்து மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கவில்லை. சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் என்ற குதிரைப் படைக்கு மாறினார். இரண்டாம் ஆப்கான் போருக்குப் போனார். தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸுக்குக் கீழே வேலை பார்த்தார். 1880ல் காந்தஹார் சண்டையில் காயம் பட்டது. மறு வருடம் ராபர்ட்ஸ் மெட்ராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக வந்தார். அதாவது பெரியப்பா இருந்த அதே நாற்காலிக்கு! அவரோடு சேம்பர்லினும் நம்ம பக்கம் வந்து சேர்ந்தார். மெட்ராஸ் அரசாங்கம் கோடை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். அப்படித்தான் ஸ்நூக்கரும் ஊட்டிக்கு ஏறியது.

ஊட்டி கிளப் 1841ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அது வெள்ளைக்காரர்களுக்கு. நம் ஆட்கள் உள்ளே போனால் மார்க்கராகத்தான் போகலாம். பந்து எடுத்துக் கொடுப்பது, பாயிண்ட் எண்ணிச் சொல்வது, துணியைப் பிரஷ் போடுவது மார்க்கர் வேலை. ரயில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908ல்தான். அதற்கு முன்னால் மலைக்கு மேலே போன சாமான் எல்லாம் வண்டியிலும் தோளிலும்தான் போனது. ஒரு முழு அளவு மேஜை, துணிக்கு அடியில் இருக்கிற கற்பலகையோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். ஆடினவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, தூக்கினவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. இதையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கே கதையை நிறுத்திவிட்டு மேஜையைப் பற்றிச் சொல்கிறேன். மெக்கானிக்கல் மாணவன், அளவு இல்லாமல் பேசினால் டிராயிங் வாத்தியார் மார்க் போட மாட்டார்.

முழு ஸ்நூக்கர் மேஜையில் பந்து ஓடுகிற இடம் 3569 மி.மீ. நீளம், 1778 மி.மீ. அகலம். பன்னிரண்டடி மேஜை என்பார்கள். போட்டிகளில் வைக்கிற ஒன்பதடி பூல் மேஜை 2540க்கு 1270. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பரப்பு. சென்டர்களில் இடத்தை மிச்சம் பிடிக்கப் போடுகிற ஏழடி மேஜை இன்னும் சின்னது. அந்த மாதிரி மூன்றைச் சேர்த்தாலும் ஒரு ஸ்நூக்கர் மேஜை ஆகாது. நம்ம கேரம் போர்டு 74 செ.மீ. சதுரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு ஸ்நூக்கர் மேஜைக்குள் பதினொன்றரை கேரம் போர்டு அடங்கும்!

குழி விஷயம் வேறு மாதிரி. பூல் பந்து 57 மி.மீ., மூலைக் குழியின் வாய் அதற்கு இரண்டு மடங்கு. ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ., குழி அதற்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதோடு குழியின் உதடு வளைவாக இருக்கும், ஓரத்தில் பட்டால் வெளியே துப்பிவிடும். கேரமில் காயின் 3 செ.மீ.க்கு மேல், குழி 4.45 செ.மீ. விகிதம் பார்த்தால் மூன்றிலும் நெருக்கமான குழி நம் கேரம் குழிதான். தெருவிளக்கில் போரிக் பவுடர் போட்டு ஆடின கையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

நான் பூல் ஆடக் கற்றது ஏழடி மேஜையில். நாலு பேர் காசு சேர்த்து மணிக்கணக்கு வாடகை கொடுப்போம், நிஜமாகவே பூல்! நண்பர்களுக்குள் நான் கொஞ்சம் பெரிய ஆள் என்று நினைப்பு. ஒரு நாள் சீனியர் அண்ணன் ஒருவர் பெரிய ஸ்நூக்கர் மேஜை இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். முதல் அரை மணி நேரம் ஒரு பந்து கூட விழவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தார்கள். அது போதும். கல்லூரி சேர்ந்த முதல் வாரம் டிராஃப்டரை எப்படிப் போர்டில் மாட்டுவது என்று தெரியாமல் நின்றேனே, எங்கள் வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது, அதே மாதிரி காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கியூ கட்டை ஒரே ஒரு டிகிரி விலகினால் 3 அடி தூரத்தில் பந்து 16 மி.மீ. தள்ளிப் போகும். பூல் குழி பெரிசு, தாங்கிக்கொள்ளும். அதே ஒரு டிகிரி 9 அடி தூரத்தில் 48 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு முழுப் பந்து! ஆக, அடிக்கும்போது தலையைத் தூக்குகிற கெட்ட பழக்கம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. சின்ன மேஜை அதை மூடி வைத்திருக்கிறது, பெரிய மேஜை போட்டுக் கொடுத்துவிட்டது.

இரண்டு வாரம் பெரிய மேஜையிலேயே நேர் அடி மட்டும் அடித்தேன். வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து மேஜையின் நீளத்துக்கு அடித்து, அது எதிர்ச் சுவரில் பட்டு கியூ முனைக்கே திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. பக்கவாட்டில் திரும்பி வந்தால் நடுவில் அடிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு ஏழடி மேஜைக்குத் திரும்பினால் குழியெல்லாம் கிணறு மாதிரித் தெரிந்தது. ஜெயித்துவிடலாம் என்று பார்த்தால் அங்கே வேறு வினை. கை பெரிய மேஜை வேகத்துக்குப் பழகியதால் பந்து விழுகிறது, ஆனால் வெள்ளைப் பந்து கண்ட இடத்துக்கு ஓடி மாட்டிக்கொள்கிறது. சின்ன மேஜையில் 15 பந்தும் கும்பலாக நெருங்கி நிற்கும். அங்கே பலம் வேண்டியதில்லை, ஒரு சாண் தள்ளி வைக்கிற நிதானம் வேண்டும். இரண்டும் வேறு வேறு பாடம். இப்போது காசு இருக்கிற வாரத்தில் பெரியதில் ஒரு மணி, சின்னதில் ஒரு மணி என்று மாற்றி மாற்றி ஆடுகிறேன். போகும்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் நான் ஃபர்ஸ்ட் இயர்தான். ஸ்நூக்கரில் உலகப் பட்டங்கள் வாங்கிய இங்கிலாந்து வீராங்கனை ஆலிசன் ஃபிஷர் 1995ல் அமெரிக்காவுக்குப் போய் ஒன்பதடி மேஜைக்கு மாறினார். மறு வருடமே நைன் பால் உலகப் பட்டத்தை வாங்கினார். பெரிய மேஜையில் பழகிய கை என்ன செய்யும் என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

சரி, ஊட்டிக்குத் திரும்புவோம். கோடைக்கு மலை ஏறி வந்த ஆபீஸர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு பட்டாளத்து மெஸ்ஸில் வெவ்வேறு மேஜையில் ஆடிவிட்டு வந்தவர்கள். தோட்டத்துத் துரைமார்களும் வந்து கலந்துகொள்வார்கள். கீழே வெயிலில் காய்ந்த துணியில் ஓடிய பந்து, 2200 மீட்டருக்கு மேலே ஊட்டியின் ஈரத்தில் அதே வேகத்தில் ஓடாது. அப்போது பந்து யானைத் தந்தம். ஈரமும் வெயிலும் மாறினால் தந்தப் பந்தின் உருண்டையே லேசாக மாறும். மேஜைதான் மாறுகிறது, சட்டமாவது ஒன்றாக இருக்க வேண்டாமா? சேம்பர்லின் ஆட்டத்தின் விதிகளை எழுதினார். 1882ல் அவை ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. ஜபல்பூரில் வாய்ப்பேச்சாகப் பிறந்த ஆட்டம் ஊட்டியில்தான் எழுத்தாயிற்று. பிறந்தது அங்கே என்றாலும் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதியது நம்ம தமிழ்நாட்டில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1885ல் இங்கிலாந்தின் பெரிய பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்தார். (தளபதி ராபர்ட்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கதையில் பெயர்க் குழப்பம் தீராது!) கூச் பிஹார் மகாராஜா விருந்தில் அவர் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக்கொண்டு, ஊருக்குப் போய்ப் பரப்பினார். 1927ல் அங்கே தொழில்முறை உலகப் போட்டியே தொடங்கிவிட்டது. ஜோ டேவிஸ் ஜெயித்தார்.

சேம்பர்லின் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டார். பர்மா சண்டை, காஷ்மீரில் ராணுவச் செயலர் வேலை, கைபர் கணவாய், தென்னாப்பிரிக்காவில் போயர் போர். 1900லிருந்து அயர்லாந்து போலீஸுக்குத் தலைவர். 1916ல் அயர்லாந்து மக்கள் சுதந்திரம் கேட்டு டப்ளினில் கிளர்ச்சி செய்தார்கள். அந்த வருடத்தோடு அவர் பதவியும் போயிற்று. உள்ளதைச் சொன்னால், மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்தது மற்றவர்கள் நாட்டை அடக்கி வைக்கிற உத்தியோகம். காபூல்காரனுக்கும் பர்மாக்காரனுக்கும் ஐரிஷ்காரனுக்கும் அவர் நல்லவர் இல்லை. மெடல்கள் வாங்கினார், சர் பட்டம் வாங்கினார். இன்றைக்கு அதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்? 19 வயதில் மழைக்குப் பயந்து மெஸ்ஸுக்குள் செய்த வேலைதான் நிற்கிறது.

அதுவும் சும்மா நிற்கவில்லை. 1930களில் ஸ்நூக்கர் பேர் வாங்கியதும், உல்விச் கல்லூரியில்தான் அந்த ஆட்டம் பிறந்தது என்று ஒரு பேச்சு கிளம்பியது. முதலாம் ஆண்டு மாணவனின் பட்டப்பெயர் அங்கேயிருந்து வந்ததால் அப்படி நினைத்துவிட்டார்கள். சேம்பர்லினுக்கு அப்போது 82 வயது. 1938 மார்ச்சில் ஃபீல்டு என்ற பத்திரிகைக்கு அவரே கடிதம் எழுதினார். ஜபல்பூர், மழை, கலர் பந்து, தவறவிட்ட நண்பர், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். கூட இருந்த பழைய பட்டாளத்துக் கிழவர்களும் ஆமாம் என்று சாட்சி சொன்னார்கள். மறு வருடம் எழுத்தாளர் காம்டன் மெக்கன்ஸி இதைக் கட்டுரையாக எழுதியதோடு வழக்கு தீர்ந்தது. காசுக்கோ பதவிக்கோ அல்ல, ஒரு விளையாட்டில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று 82 வயதில் பேனா எடுத்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்த இடம் இது.

1944 மே 28ஆம் தேதி சேம்பர்லின் காலமானார்.

அதற்கு 40 வருடம் கழித்து, 1984ல், டப்ளினில் நடந்த அமெச்சூர் உலக ஸ்நூக்கர் போட்டியில் நம் நாட்டு ஓம் அகர்வால் சாம்பியன் ஆனார். சேம்பர்லின் போலீஸ் தலைவராக இருந்த அதே டப்ளின்! மார்க்கராக மட்டுமே அறைக்குள் விடப்பட்டவர்களின் நாட்டிலிருந்து போனவர்.

ஊட்டி கிளப்பில் அந்த பில்லியர்ட்ஸ் அறை இன்றும் இருக்கிறது. உறுப்பினரும் அவர்களுடைய விருந்தினரும் மட்டும்தான் உள்ளே போகலாம். இந்த வருடம் நம் டிபார்ட்மென்ட் சுற்றுலா ஊட்டிக்கு என்று முடிவானால், தொட்டபெட்டாவுக்கும் படகு வீட்டுக்கும் எல்லோரும் போகட்டும், நாங்கள் நாலு பேர் அந்த கிளப் கேட்டு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.